தமயந்தி வந்தாச்சா?

தம்பி, மெஷின் அது பாட்டுக்கு வெட்டட்டும். அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு விடுகதை போடுகிறேன். எங்கள் ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருக்கிறார்கள். மூன்று பேருக்கு மூச்சு கிடையாது. ஆனால் யார் கூப்பிட்டாலும், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும், உடனே போய் நிற்பார்கள். நான்காவது ஆளுக்கு மூச்சு உண்டு, கை கால் உண்டு. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யார் அந்த நான்கு பேர்?

தெரியவில்லையா? நானே சொல்லிவிடுகிறேன். நீங்கள்தானே கேட்டீர்கள், "இது யார் பேரு அண்ணாச்சி, மக பேரா?" என்று. ஆமாம், மகள் பெயர்தான். தமயந்தி. அவள்தான் அந்த நான்காவது ஆள். மற்ற மூன்றும் ஐஸ் பெட்டி. இறந்தவர்களைக் கிடத்தி வைக்கிற கண்ணாடிப் பெட்டி. வாடகைக்கு விடுகிறேன். விளாத்திகுளத்தில் செண்பகராஜ் என்று என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தமயந்தி ஐஸ் பெட்டி என்றால் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இப்போது புதிதாக இன்னொரு பெட்டி வாங்கியிருக்கிறேன். அதற்குத்தான் இந்த ரேடியம் எழுத்து.

சிவப்பிலேயே இருக்கட்டும். தலைமாட்டுக்கு ஒன்று, கால்மாட்டுக்கு ஒன்று, இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. கீழே போன் நம்பர். வேறு எதுவும் வேண்டாம், தம்பி. எங்கள் ஊரிலும் ஒருவர் ரேடியம் வெட்டுகிறார். முதல் பெட்டிக்கு அவர்தான் செய்தார். கடைகளுக்கு ஒட்டிப் பழகிய கை பாருங்கள், கால்மாட்டில் 'நன்றி, மீண்டும் வருக' என்று ஒட்டிவிட்டார். நானும் கவனிக்காமல் ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். கேத வீட்டில் இறக்கி வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. உட்கார்ந்து பிளேடால் சுரண்டினேன். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர், "என்னப்பா அழிக்கிற?" என்றார். "விலாசம் தப்பா இருக்குங்கய்யா" என்றேன். தொழில் என்றால் இந்தச் சமயோசிதம் வேண்டும்.

இப்போது அவரிடம் எப்போது போனாலும் மெஷின் ரிப்பேர் என்கிறார். மெஷின் ஓடுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. இருந்தாலும் ரிப்பேர் என்கிறார். அவருக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. என்ன கஷ்டமோ, பாவம். அதனால்தான் கோவில்பட்டிக்கு உங்களிடம் வந்தேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பயன்படும். கூல்டிரிங்க்ஸ் ஏஜென்சியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சம்பளத்துக்குத்தான் ஓட்டினேன். ஆனாலும் சொந்த வேன் மாதிரி ஓட்டுவேன். கடைக்காரர் கேட்பதற்கு முன்பே காலி பாட்டிலை எடுத்து ஓரமாக அடுக்குவேன். எந்தக் கடையில் எந்தச் சரக்கு எப்போது தீரும் என்று முதலாளிக்கு நான் சொல்வேன். கூட இருந்தவர்கள், "ஏலே, ஏஜென்சி உன் மாமனார் எழுதி வச்சதா?" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். எந்த வேலை பார்த்தாலும் அது நம்முடையது என்று நினைக்க வேண்டும், தம்பி. நம்முடையது என்று நினைத்தால்தான் கண் திறக்கும்.

அப்படிக் கண் திறந்தது என் அம்மா இறந்தபோது. கத்திரி வெயில். அக்கா பம்பாயில் இருந்தாள். அவள் ரயில் பிடித்து வந்து சேருகிறவரை வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்போது ஐஸ் பெட்டி கிடையாது. வெளியூரிலிருந்து வர வேண்டிய பெட்டி வேறு கேதத்துக்குப் போய்விட்டது. மீன் கடையில் ஐஸ் பாளம் வாங்கிப் பெஞ்சுக்கு அடியில் அடுக்கினோம். உருகி உருகி வாசல் வரை ஓடியது. வீடெல்லாம் மீன் வாடை. அக்கா வந்தாள். முகத்துத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "இது அம்மா இல்ல" என்றாள். அழவில்லை. "இது அம்மா இல்லலே, எங்க அம்மாவ எங்க வச்சிருக்கீக?" என்று என்னைக் கேட்டாள். எரித்துவிட்டு வந்த பிறகும் கேட்டாள். இன்றைக்கும் அம்மா படத்துக்கு அவள் மாலை போடுவதில்லை.

அந்த ஈரம் காய்வதற்குள் எனக்குத் தோன்றிவிட்டது, இந்த ஊருக்கு ஒரு பெட்டி தேவை என்று. மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் யோசித்தேன். அதுதான் வித்தியாசம்.

அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அம்மா பெயரை வைத்தேன். என் மனைவி மாரீஸ்வரி மாமியார் பெயரைச் சொல்ல மாட்டாள், எங்கள் பக்கத்தில் அது வழக்கம் இல்லை. அவளுக்கு மகள் பாப்பாதான். அவளைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் பாப்பா என்றார்கள். வீட்டில் தமயந்தி என்று கூப்பிட நான் ஒருவன்தான்.

அவள் தொட்டிலில் இருந்தபோது முதல் பெட்டியும் அதை ஏற்றிப்போக ஒரு வேனும் வந்தன. நம் ஊரில் லாரிக்கு, மாவு மில்லுக்கு, டியூஷன் சென்டருக்கு எல்லாம் பிள்ளை பெயரைத்தானே வைக்கிறோம்? நானும் வைத்தேன். மாரீஸ்வரிதான், "ஏங்க, வேனுக்கு வைங்களேன், பெட்டிக்கு எதுக்கு?" என்றாள். "வேன் தெருவோட போயிரும். பெட்டிதான் நாள் பூரா எல்லாரு கண்ணு முன்னாலயும் இருக்கும்" என்றேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. நியாயத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்வாள்.

பெயரை மட்டும் வைத்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை, தம்பி. போன் இரண்டாவது தடவை அடிக்க விட்டதில்லை. சொந்தக்காரர் வருவதற்கு முன்னால் என் பெட்டி போய் நிற்கும். கரண்டு போனால் என்னிடமே ஜெனரேட்டர் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் புது வெள்ளைத் துணி விரிப்பேன். திரும்பி வந்ததும் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவேன். இன்னொன்றும் உண்டு. உள்ளே குளிர், வெளியே வெக்கை. கண்ணாடியில் பனி படிந்து முகம் மறைந்துபோகும். மற்ற பெட்டிக்காரர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் துண்டும் கையுமாக நிற்பேன். துடைத்துக்கொண்டே இருப்பேன். கடைசியில் வருகிறவருக்கும் முகம் தெரிய வேண்டும். அது இல்லை இது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? பெயர் பெட்டியை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டது. யாராவது இறந்தால் "ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சா?" என்று யாரும் கேட்பதில்லை. "தமயந்திக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். "தமயந்தி வந்தாச்சா?" "வந்தாச்சு." அவ்வளவுதான். வேறு ஆள் பெட்டியைக் கொண்டுவந்தாலும் அதற்கும் தமயந்தி என்றுதான் சொல்கிறார்கள். டீக்கடையில் யாராவது இருமினால், "என்ன வே, தமயந்திக்குப் போன் போடவா?" என்று கிண்டல். எத்தனை பெரிய கம்பெனிக்கு இது நடக்கும், சொல்லுங்கள்.

மரியாதையும் அப்படி. கல்யாண வீட்டுக்குப் போனால், நான் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் நாற்காலியை விட்டுத் தள்ளி உட்காருவார்கள். எனக்கென்று தாராளமாக இடம். பந்தியில் முதல் இலை எனக்குத்தான். கை கழுவியதும் பெண்ணின் அப்பாவே வந்து, "அண்ணாச்சி, உங்களுக்கு வேலை கெடக்கும், கெளம்புங்க" என்று வாசல் வரை கொண்டுவந்து விடுவார். தொழில் செய்கிறவனின் நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு. மாரீஸ்வரிதான் இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு வருவதில்லை. தலைவலி என்பாள்.

பாப்பாவுக்குத் தொழிலில் சின்ன வயதிலிருந்தே ஆர்வம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பாள், "அப்பா, இன்னைக்குத் தமயந்தி யார் வீட்டுக்குப் போச்சு?" சொல்வேன். "தாத்தாவா, ஆச்சியா?" சொல்வேன். "அவுகளுக்குக் குளிருச்சாப்பா?" குளிர் தெரியாது என்று விளக்குவேன். கம்பிரசர் எப்படி வேலை செய்கிறது என்றுகூட ஒரு நாள் படம் போட்டுக் காட்டினேன். வேறு எந்தப் பிள்ளை இதையெல்லாம் கேட்கும்?

நாலாம் வகுப்பு படிக்கும்போது கேள்வி மாறியது. "அப்பா, இன்னைக்கு நான் யார் வீட்டுக்குப் போனேன்?" தமயந்தி போய் 'நான்' வந்துவிட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, தம்பி. "பாத்தியா, இப்பவே தொழிலத் தன்னோடதுன்னு நெனைக்கா" என்று மாரீஸ்வரியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சமயத்தில்தான் பாப்பா ஸ்வெட்டர் போட ஆரம்பித்தாள். எங்கள் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர். கையைத் தொட்டால் சூடாகத்தான் இருக்கும். "குளிருதும்மா" என்பாள். சிலருக்கு உடம்பு வாகு அப்படி. ஃபேனைக் குறைத்து வைக்கச் சொன்னேன்.

நான் சொல்ல வந்தது போன வருஷம் மழைக்காலத்தில் நடந்தது. கனிஷ்கா என்று ஒரு பிள்ளை. பாப்பாவோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. கனிஷ்காவின் மாமாதான் போன் செய்தார். "அண்ணாச்சி, தமயந்தியக் கொண்டாங்க" என்றார். யாருக்கு என்று கேட்டேன். சொன்னார். போனேன். வேறு எந்த வீட்டுக்கும் போகிற மாதிரிதான் போனேன். துணி மட்டும் பெரிதாக இருந்தது. மடித்து விரித்தேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தார்கள். பாப்பாவும் வரிசையில் இருந்தாள். நான் தலைமாட்டில் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் வாசிக்குமே, பேருந்தில் போகும்போது கடைப் பலகையை வாசிக்கிற மாதிரி. வரிசையில் முன்னால் நின்ற ஒரு சின்னது எழுத்துக் கூட்டி வாசித்தது. "த. ம. யந். தி." வீடே அமைதியாக இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

கனிஷ்காவின் அம்மா செல்லத்தாய் அதுவரை தலையைத் தூக்கவில்லை. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார். எழுத்தைப் பார்த்தார். வரிசையில் நின்ற என் மகளைப் பார்த்தார். கையை நீட்டி, "வா தாயி" என்றார். கோபமெல்லாம் இல்லை. எத்தனையோ நாள் பாப்பாவுக்குச் சோறு போட்ட கை. பக்கத்தில் இழுத்து, அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உங்கிட்டதான் இருக்கா. பத்திரமாப் பாத்துக்க."

நான் இத்தனை வருஷத் தொழிலில் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். அவ்வளவு துக்கத்திலும் ஒரு தாய் நம்மை நம்பி இப்படி ஒரு வார்த்தை சொன்னார் என்றால், இதைவிடப் பெரிய சர்டிபிகேட் உண்டா? அப்படித்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

எல்லாப் பிள்ளைகளும் அழுதன. பாப்பா அழவில்லை. கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தாள். கை பட்ட இடம் அப்படியே அச்சாக நின்றது. நான் துடைத்தேன். முகத்தை மறைக்கக் கூடாது அல்லவா?

கொஞ்ச நாள் கழித்து டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "பெஞ்சுலதான் உக்காந்திருக்கா. பேரச் சொன்னா 'உள்ளேன் டீச்சர்' சொல்ல மாட்டேங்கா. தெனமும் எந்திரிச்சு நிக்கச் சொல்லித்தான் வருகை போட வேண்டியிருக்கு."

"ஏன்னு கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டேன். 'அது இங்க இல்ல டீச்சர், கேத வீட்டுக்குப் போயிருக்கு'ங்கா." இதைச் சொல்லும்போது டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அவர் என் மகள் பெயரையும் சொல்லவில்லை. "உங்க பொண்ணு", "உங்க பொண்ணு" என்றே பேசினார்.

வீட்டிலும் அப்படித்தான் ஆனது. மற்றவர்களுக்கு அவள் பாப்பா. கூப்பிட்டால் வருவாள். நான் தமயந்தி என்று கூப்பிட்டால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். முறைப்பு இல்லை, பிடிவாதம் இல்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்கிற மாதிரி இருப்பாள். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் பெட்டிகளை வைத்திருக்கிறேன். ஒன்றையாவது ஓடவிட்டுத்தான் வைப்பேன், திடீரென்று எடுத்துப் போக வசதியாக. ஒரு நாள் நடையில் நின்று "தமயந்தி" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். உள்ளே பதில் இல்லை. ஷெட்டில் கம்பிரசர் டக்கென்று ஒரு சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. அதுவாக நின்று அதுவாக ஓடுகிற மெஷின், அந்த நேரத்தில் ஓடியது, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் நடையில் நின்று கூப்பிடுவதில்லை.

பேசிப் பார்த்தேன். ஒரு பெயர் ஊருக்குள் நிற்க எத்தனை பாடு என்று எடுத்துச் சொன்னேன். பெயருக்குத் திரும்பிப் பார்த்தால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். "சரிப்பா" என்பாள். திரும்ப மாட்டாள். மாரீஸ்வரி ஒரே பேச்சாக, "பெட்டில இருக்க பேர அழிச்சிருங்க" என்றாள். எந்த யோசனையையும் சோதித்துப் பார்க்காமல் தள்ளக் கூடாது. அது என் கொள்கை. ஒரு பெரிய வீட்டுக் கேதத்துக்குப் போகும்போது பெயர் மேல் காகிதம் ஒட்டிக் கொண்டுபோனேன். இறக்கி வைத்ததும் அந்த வீட்டு மூத்த மகன் கத்தினார். "தமயந்தியத்தானய்யா சொன்னோம்? எவம் பெட்டியக் கொண்டாந்து வைக்கீரு?" காகிதத்தைக் கிழித்துக் காட்டினேன். அடங்கிவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீக. அப்பா சொல்லிட்டுப் போனது. நான் போறதுன்னா தமயந்தியிலதான் போகணும்னு" என்றார். இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்? பெயர் என் கையில் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

அதைப் பாப்பாவிடமும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாள் முடிவாகப் பேசிவிடுவோம் என்று எதிரில் உட்கார்ந்தேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி சமையலறை வாசலில் நின்றாள். தொழிலில் நான் யாரையும் வற்புறுத்தியதில்லை, தம்பி. எது வேண்டும் என்று அவர்களே சொல்ல வேண்டும். பிள்ளையிடமும் அப்படித்தான்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. பெட்டிக்குப் பேர மாத்தணுமா, உனக்கு மாத்தணுமா? நீ எதச் சொன்னாலும் அப்பா செய்வேன்."

பெட்டிக்கு மாற்று என்று அவள் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பேன். நிஜமாகவே மாற்றியிருப்பேன். ஆனால் அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தன் பெயரை மாற்றச் சொல்வாள் என்றும் நான் நினைக்கவில்லை. எந்தப் பிள்ளை சொல்லும்? இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்பாள், அதோடு முடிந்துவிடும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

"பெட்டிக்கு மாத்திட்டா, கனிஷ்கா எந்தப் பேர்ல இருப்பா?"

"அவ இந்தப் பேர்லதான் இருப்பா. அன்னைக்கு அவுக வீட்டுல பெட்டியோட எடுத்த போட்டோவுல எல்லாம் இந்தப் பேர்தான இருக்கு."

"வேற யாராவது புதுசா வந்தா?"

"அவுக புதுப் பேர்ல வருவாக."

"அப்ப அவ தனியா இருப்பால்ல?"

மாரீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாப்பா பென்சிலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பெட்டிக்கு அந்தப் பெயரே இருக்கட்டும், எனக்கு மாற்றிவிடுங்கள் என்றாள். என்ன பெயர் வேண்டும் என்று கேட்டேன். வனிதா என்றாள். எங்கள் இரண்டு பக்கத்திலும் அப்படி யாரும் கிடையாது, அவள் வகுப்பிலும் கிடையாது. அரசிதழில் போடுவதற்கு வனிதா என்றே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.